நோட்டில் எழுதிய அரை நாள்

வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு போன் வந்தது. பென்னாகரம் பக்கம் என்றார். அவருடைய தம்பி ஓசூரில் ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போது வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறாராம். காண்டிராக்டர் ஆள் அனுப்பியிருக்கிறார். அறுபதாயிரம் ரூபாய், ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. "அண்ணா, இதில் எவ்வளவு வரைக்கும் ஏற்றிக் கேட்கலாம்?" என்று என்னிடம் கேட்டார்.

அரை மணி நேரம் பேசினேன். சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. அவருடைய மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாளாம், எழுதி அனுப்பினால் படித்துக் காட்டுவாள் என்றார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் ஆகட்டும்.

நான் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தகடு அடித்து, தளம் இறுகியதும் அதைப் பிரிக்கிற ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன். மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில் ஊர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டே பலகை தூக்கப் போனவன், அன்றிலிருந்து இதே தொழில். எங்கள் பக்கத்தில் பெங்களூர் வேலைக்கு ஆள் போகாத தெரு கிடையாது. மழை பெய்தால் ராகியும் நிலக்கடலையும் வரும், தக்காளிக்கு விலை கிடைத்த வருடம் கடன் அடையும், விலை விழுந்த வருடம் ரயில் ஏற வேண்டியதுதான். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை ஸ்டேஷன்களில் திங்கட்கிழமை காலையில் நின்று பாருங்கள். தோளில் பையும் கையில் தூக்குச்சட்டியுமாக நிற்பவர்களில் பாதிப் பேர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள்.

என்னிடம் பத்துப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் எங்கள் ஊர், என்னை அண்ணா என்று கூப்பிடுவான். பெயரை எழுத வேண்டாம் என்று அவன் மனைவி கேட்டுக்கொண்டாள். நான் அவனைத் தம்பி என்றுதான் அழைப்பேன், இங்கும் அப்படியே இருக்கட்டும். அப்போது அவனுக்கு நாற்பது வயது, தினக்கூலி தொள்ளாயிரம் ரூபாய்.

2021 பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை. பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டி ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடித் தளத்துக்குக் கீழே முட்டு எடுத்துத் தகடு பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும், பிரிக்கிறவன் கண் மேலேதான் இருக்கும். தகடு எந்தப் பக்கம் சாயும், முட்டாக நிற்கும் இரும்பு ஜாக்கியை எத்தனை சுற்று இறக்கினால் ஆணி விடும் என்று அண்ணாந்து பார்த்தபடியே கால் நகர்ந்துகொண்டிருக்கும். கீழே தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. நாங்கள் நின்ற தளத்தில் குழாய் போவதற்காக விட்ட ஒரு திறப்பு இருந்தது. இரண்டரை அடிக்கு மூன்றடி. அதன் மேல் ஒரு பழைய பிளைவுட் துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். ஆணி அடிக்கவில்லை, சுற்றிக் கம்பி கட்டவில்லை. மேலே சிமெண்ட் பால் வழிந்து காய்ந்து, தரையும் பலகையும் ஒரே நிறமாக இருந்தன. தம்பி ஒரு ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னோக்கி ஓர் அடி வைத்தான்.

மரம் முறிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவன் நின்ற இடத்தில் ஓட்டைதான் இருந்தது. இரண்டு மாடி கீழே, ஜாக்கி அவன் இடது காலின் மேல் கிடந்தது. மணி பதினொன்று இருக்கும். அந்தக் கட்டடத்தில் நூறு பேருக்கு மேல் வேலை செய்தோம், பாதுகாப்பு பெல்ட் நான்கு இருந்தன. அந்த நான்கும் ஆபீஸ் அறையில் ஆணியில் தொங்கின.

நானும் இன்னொரு பையனும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மற்றவர்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலைக்கு ஏற்றிவிட்டார் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்கிறவர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, எனக்கு முன்னால் கம்பெனி ஆள் பதில் சொன்னார்: "தங்கியிருக்கிற ஷெட்டில் படியிலிருந்து விழுந்துவிட்டார்." நான் பக்கத்தில் நின்றேன். என் சட்டை முழுவதும் ரத்தம். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் சிகிச்சைக்குப் பணம் கட்டமாட்டார்கள் என்ற பயம். பயம் உண்மைதான், ஆனாலும் அன்றைக்கு வாய் திறக்காதது என் தவறு. நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் மாதம் ஸ்டாம்ப் பேப்பர் வந்தது. எழுபத்தைந்தாயிரம் ரூபாய். "மேற்படி தொகையை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் காலத்திலும் நானோ என் வாரிசுகளோ எந்த நீதிமன்றத்திலும் எந்த உரிமையும் கோர மாட்டோம்." தம்பிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கையெழுத்தும் வாங்கி, அதன் பக்கத்தில் பெருவிரல் ரேகையும் வாங்கினார்கள். அவன் மனைவி கொஞ்சம் யோசித்தாள். "கேஸ் என்று போனால் பத்து வருஷம் ஆகும், அம்மா. வந்ததை வாங்கிக்கொள்" என்று அவளிடம் சொன்னவன் நான்தான். கம்பெனிக்காரர்கள் என்னை அதற்காகத்தான் அனுப்பினார்கள். சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான். மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தது. வீட்டில் ஒருவருக்கும் வேலை இல்லை. ஜூலை மாதத்துக்குள் அந்த எழுபத்தைந்தாயிரத்தில் ஒரு ரூபாய் மிச்சம் இல்லை.

2022 பொங்கலுக்கு என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிற பெண். தம்பியைப் பார்க்கப் போனோம். பேச்சுவாக்கில் அவன் மனைவி டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டினாள். இவள் இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சித்தப்பா, சாட்சி நீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. "இந்தப் பேப்பர் செல்லாது" என்று மட்டும் சொன்னாள்.

அன்று திண்ணையில் உட்கார்ந்து அவள் சொன்னதைத்தான் பென்னாகரத்து அண்ணனுக்குப் போனில் சொல்ல முயன்றேன். 1923ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதன் 17ஆவது பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. தொகை பேசி முடித்தால்கூட அதை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாது என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர், இணை ஆணையர் நிலையில் இருப்பவர்கள் இந்த ஆணையர்களாக இருக்கிறார்கள். சாவு என்றால் இன்னும் கண்டிப்பு. பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கு முடிக்கவே முடியாது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, பிணத்தை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே லட்சமோ ஒன்றரை லட்சமோ பேசி முடிக்கிறார்களே, அதை எத்தனை வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில்கூட இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. விபத்து நடந்தது கர்நாடகத்தில். அங்கேதானே அலைய வேண்டும்? வேண்டாம் என்றாள். தொழிலாளி வசிக்கும் இடத்துக்கு உரிய ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். மாநிலம் தாண்டி வேலைக்குப் போகிற நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு கிடையாது. கால வரம்பு இரண்டு வருடம். எங்களுக்கு அப்போது பதினோரு மாதம் போயிருந்தது.

வக்கீலுக்குப் பணம் இல்லை. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். எங்களுக்குக் கிடைத்த அம்மா பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தான் இவரை வேலைக்கு வைத்தவர். உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், தெரியுமா?" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மேஸ்திரிகள் பயப்படுவது இங்கேதான். காண்டிராக்டர் மூலம் ஆள் வைத்து வேலை வாங்கினாலும், கட்டடம் கட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிதான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்கிறது சட்டத்தின் 12ஆவது பிரிவு. ஆனால் கொடுத்த பணத்தை அந்தக் காண்டிராக்டரிடமிருந்து, அதாவது என்னைப் போல ஆள் வைத்த மேஸ்திரியிடமிருந்து, திரும்ப வசூலிக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. நானோ ஒன்றேகால் ஏக்கர் மேட்டு நிலமும் ஓர் ஓட்டு வீடும் உள்ளவன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் மனைவிதான் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து, "நிலம் போனால் இரண்டு பேரும் கூலிக்குப் போகலாம். அந்தப் பிள்ளைக்குக் கால் வராது" என்றாள். காலையில் தம்பி வீட்டுக்குப் போய், என் பெயரை முதலில் போடச் சொன்னேன். மனுவில் முதல் எதிர்மனுதாரர் நான், இரண்டாவது கம்பெனி.

கம்பெனியின் பதில் மனு வந்தது. அப்படி ஓர் ஆளே எங்களிடம் வேலை செய்யவில்லை, ஷெட்டில் விழுந்தார் என்று ஆஸ்பத்திரிப் பதிவே சொல்கிறது, அப்படியே வேலை செய்திருந்தாலும் பெல்ட் போடாதது அவர் குற்றம். ஒரே காகிதத்தில் மூன்றும் இருந்தன. பெல்ட் விஷயத்துக்கு வக்கீலம்மா அசரவே இல்லை. பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினால்தான் அந்தக் காரணம் நிற்கும், சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அதுவும் நிற்காது என்றார். ஆணியில் தொங்கும் நான்கு பெல்ட்டை நூறு பேர் எப்படிப் போடுவது? அவர் கவலைப்பட்டது முதல் கேள்விக்குத்தான். அன்று காலை தம்பி வேலையில் இருந்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

என் நோட்டு இருந்தது.

நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. மேல் அட்டையில் கந்தக் கடவுள் படம், ஓரமெல்லாம் சென்ட்ரிங் ஆயில் கறை. இடது பக்கம் பெயர், நேரே திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம், கடைசியில் அந்த வாரம் செலவுக்கு வாங்கிய பணம். முழு நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்கு ½. அந்த வேலை சதுர அடிக் கணக்கில் பேசியது இல்லை, ஆள் கணக்கு. சனிக்கிழமை மாலை மொத்த ஆள் எத்தனை என்று கூட்டி அடியில் எழுதி, சூப்பர்வைசரிடம் சுருக்கொப்பம் வாங்கினால்தான் பில் போகும். அந்த வாரம் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆறு நாள், ஐம்பத்து நான்கு. தம்பிக்குத் திங்கள் ஒன்று, செவ்வாய் அரை. மொத்தம் 55½. கீழே பச்சை மையில் சூப்பர்வைசரின் சுருக்கொப்பம், 20.02.2021.

அந்த அரையை நான் எழுதியது செவ்வாய் இரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில். பதினொரு மணிக்கு விழுந்தவனுக்கு என்ன போடுவது என்று யோசித்து, பழக்கத்தில் அரை போட்டேன். சனிக்கிழமை அவன் மனைவியிடம் நானூற்றைம்பது ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். நான் இந்த வேலையில் செய்த காரியங்களில் நினைத்தால் உடம்பு கூசுவது அந்த நானூற்றைம்பதுதான்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இதை நீங்கள் பிறகு எழுதியிருக்கலாமே என்றார். ஆணையர் கையை நீட்டி நோட்டை வாங்கினார். விரலால் ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிக்கொண்டே வந்து, 55½ இல் நிறுத்தினார். "இந்த அரை யாருடையது?" என்று கேட்டார். சொன்னேன். "ஏன் அரை?" சொன்னேன். "இந்தப் பச்சைக் கையெழுத்து யாருடையது?" அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எதிர்த்தரப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. முழு நாள் போட்டிருந்தாலோ ஒன்றுமே போடாமல் விட்டிருந்தாலோ அந்த நோட்டு இப்படிப் பேசியிருக்காது.

அடுத்த சண்டை தொகையில். கணக்கு இப்படி: முழு ஊனம் என்றால் மாதக் கூலியில் 60 சதவீதம், சாவு என்றால் 50 சதவீதம். அதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வயது கூடக்கூட எண் குறையும். முப்பது வயதுக்கு 207.98, நாற்பதுக்கு 184.17, ஐம்பதுக்கு 153.09. மாதக் கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாயைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு முன் 8,000. தம்பிக்கு 15,000இல் 60 சதவீதம் 9,000, அதை 184.17ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். அவனிடம் எழுபத்தைந்தாயிரத்துக்கு ரேகை வாங்கியிருந்தோம்.

சட்டத்தில் உள்ள ஊன அட்டவணைப்படி முழங்காலுக்குக் கீழே கால் போனால் 50 சதவீத ஊனம்தான், ஆகவே பாதிதான் தர முடியும் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. வக்கீலம்மா 1975ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வைத்தார். ஒடிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து இடது கையை இழந்த தச்சரின் வழக்கு. ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அந்தத் தொழிலாளிக்கு அது முழு ஊனம்தான் என்று சொன்ன தீர்ப்பு. ஒற்றைக் காலோடு ஒருவன் முட்டு மேல் ஏறி நின்று தகடு பிரிக்க முடியுமா என்று கேட்டார். தம்பி அப்போது ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

2024இல் உத்தரவு வந்தது. முழு ஊனம், முழுத் தொகை, அதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. ஏறக்குறைய வருடத்துக்கு இரண்டு லட்சம் வட்டி மட்டும். விசாரணையின் நடுவிலேதான் தெரிந்தது, கம்பெனி அந்தக் கட்டடத்துக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்து வைத்திருந்தது. பணம் கட்டப்போவது காப்பீட்டு நிறுவனம். அப்படியிருந்தும் ஷெட் படி என்று பொய் எழுதவைத்து, என்னைத் தூது அனுப்பி, ஒரு காலுக்கு எழுபத்தைந்தாயிரம் விலை பேசினார்கள். இதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் நிலம் போகவில்லை. அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு எனக்கு வேலை தரவில்லை, இப்போது ஓசூரில் சின்னச் சின்ன வீடுகள் எடுத்துச் செய்கிறேன்.

நிறையப் பேர் நலவாரிய அட்டையையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் வந்தது, கட்டடச் செலவில் 1 சதவீதம் வரி வாங்கி அந்த நிதியிலிருந்து உதவி செய்கிறது. அட்டை கட்டாயம் வைத்திருங்கள். ஆனால் வாரியத்தில் உதவி வாங்கியதால் வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. அட்டையே இல்லாவிட்டாலும் இழப்பீடு உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்கள் மட்டும் அந்த வழியில் போக வேண்டும்.

பென்னாகரத்து அண்ணனுக்கு ஒரு விஷயம் கூடுதலாக. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது, இழப்பீடு அதன் ஏழாம் அத்தியாயத்தில் வருகிறது. 50, 60 சதவீதக் கணக்கு அப்படியே இருக்கிறது. உங்கள் தம்பி விழுந்த தேதியைச் சரியாகக் குறித்துவையுங்கள், எந்தச் சட்டத்தில் மனு என்பதை வக்கீல் அதை வைத்துத்தான் சொல்வார். டிஸ்சார்ஜ் காகிதத்தில் எப்படி அடிபட்டது என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை உங்கள் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பில், எதையும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள். கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேரின் போன் நம்பர் வாங்கி வையுங்கள், இன்னும் இரண்டு மாதத்தில் அவர்கள் எந்த ஊர்க் கட்டடத்தில் இருப்பார்களோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரட்டும், தண்ணீர் கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் வேண்டாம். நான் காலையிலேயே பாலக்கோட்டில் பஸ் ஏறி தருமபுரி வந்து பத்து மணிக்குள் உங்கள் ஊருக்கு வந்துவிடுவேன். உங்கள் தம்பியை வேலைக்குக் கூட்டிப் போன மேஸ்திரியையும் வரச் சொல்லுங்கள். அவர் பயந்துபோய்த்தான் இருப்பார், கோபமாகப் பேசாதீர்கள், நான் பேசிக்கொள்கிறேன். வரும்போது அவருடைய நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.